அத்தியாயம் 4: விதைப் பாத்தியும் ரேக்கும்

மண்வெட்டியால் கொத்திப் போட்ட இடத்தில் கத்தரி நாற்றையோ தக்காளி நாற்றையோ அன்றைக்கே நட்டுவிடலாம். நாற்றுக்கு வேர் இருக்கிறது. குழியில் வைத்து மண் அணைத்துத் தண்ணீர் விட்டால் பிடித்துக்கொள்ளும். அதே இடத்தில் முளைக்கீரை விதையைத் தூவினால் பாதி வீணாகும். கீரை விதை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். இரண்டு மண்கட்டிகளுக்கு இடையே விழுந்தால் ஆழத்துக்குப் போய்விடும், அங்கிருந்து மேலே வர முளைக்குத் தெம்பு இருக்காது. கட்டியின் தலையில் தங்கினால் மதிய வெயிலில் காய்ந்துவிடும்.

நேரடியாக விதைக்கும் கீரை, முள்ளங்கி, கொத்தமல்லி, கேரட், பீட்ரூட், வெண்டை, கொத்தவரை எல்லாவற்றுக்கும் மேல்மண்ணின் இரண்டு அங்குலம்தான் முதல் பத்து நாள் பிழைப்பு. அந்த இரண்டு அங்குலத்தைப் பக்குவப்படுத்தும் கருவி ரேக். இதைப் பிடிக்கக் கற்றுக்கொள்ள அரை மணி நேரம் போதும். எப்போது நிறுத்துவது என்று தெரிந்துகொள்ளத்தான் கொஞ்சம் பழக்கம் வேண்டும். குறைவாக வாரினால் கட்டி நிற்கும். அளவுக்கு மீறி வாரினால் மண் மாவாகி, முதல் தண்ணீரிலேயே பொருக்குத் தட்டிவிடும்.

எந்த ரேக் வாங்குவது?

கடையில் இரண்டு வகை தொங்கும். விசிறி போல் விரிந்த, வளையும் கம்பிகள் கொண்டது சருகு வாருவதற்கானது. அதை மண்ணில் இழுத்தால் கம்பி வளைந்துவிடும். நமக்கு வேண்டியது, நேரான இரும்புப் பட்டையில் விறைப்பான பற்கள் வரிசையாக உள்ள ரேக். வீட்டுத் தோட்டத்துக்கு 12 முதல் 16 பற்கள், 30 முதல் 40 செ.மீ. அகலம் சரியாக இருக்கும். பல்லின் நீளம் 5 செ.மீ. அளவில் இருந்தால் நல்லது.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்.

1. தலையைப் புரட்டிப் பிடித்தால் முதுகுப்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். சமன் செய்யும் வேலையில் பாதியை முதுகுதான் செய்கிறது.
2. பற்களின் நுனிகளைத் தரையில் ஊன்றிப் பார்த்தால் எல்லாம் ஒரே மட்டத்தில் தொட வேண்டும். ஒரு பல் நீண்டிருந்தாலும் இழுக்கும் இடமெல்லாம் கோடு விழும்.
3. காம்பு நுழையும் குழல் தலையோடு நன்றாகப் பற்றவைக்கப்பட்டிருக்க வேண்டும். மலிவான ரேக்குகள் விட்டுப்போவது இந்த இடத்தில்தான்.

நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் தலையை மட்டும் தருவார்கள். காம்பை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். காய்ந்த மூங்கிலோ சவுக்கோ போதும். காம்பைச் செங்குத்தாக நிறுத்தினால் அதன் மேல்முனை உங்கள் மோவாய்க்கும் மூக்குக்கும் நடுவே வர வேண்டும். மண்வெட்டிக் காம்பு அளவுக்குக் குட்டையாக வைத்தால் குனிந்துகொண்டே வேலை செய்ய நேரும், ஒரு பாத்தி முடிவதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

மண் பதமாக இருக்கிறதா?

ரேக்கைக் கையில் எடுக்கும் முன் மண்ணை எடுத்துப் பாருங்கள். மேலே காய்ந்த மண்ணை ஒதுக்கிவிட்டு, மூன்று விரல் ஆழத்திலிருந்து ஒரு பிடி அள்ளி நன்றாக அமுக்கிக் கையை விரியுங்கள்.

உருண்டை நிற்காமல் சரிந்தால் ஈரம் போதாது. பாத்தியை நனைத்துவிட்டு மறுநாள் வாருங்கள். உருண்டை நின்று, கட்டைவிரலால் லேசாகக் குத்தியதும் நாலைந்து துண்டாக உடைந்தால் அதுதான் பதம். உடையாமல் விரல் பதிந்த குழி மட்டும் விழுந்து, உள்ளங்கையில் ஈரம் மினுமினுத்தால் அன்று தோட்டத்தில் வேறு வேலை பாருங்கள். ஈரமண்ணை வாரினால் பல்லில் அப்பிக்கொள்ளும். உருண்டு கிடக்கும் களி காய்ந்ததும் கல்லாகும், அதை உடைக்க ரேக்கால் முடியாது.

செம்மண்ணிலும் மணல் கலந்த மண்ணிலும் இந்தப் பதம் இரண்டு மூன்று நாள் நிற்கும். கரிசலும் களிமண்ணும் அவ்வளவு அவகாசம் தராது. காலையில் சேறாக இருக்கும், மறுநாள் மாலை கட்டியாகிவிடும். கரிசல்காரர்கள் தினமும் ஒரு பிடி அள்ளிப் பார்த்து, பதம் வந்த அன்றே வேலையை முடித்துக்கொள்ள வேண்டும்.

பாத்தி மேடா, பள்ளமா?

பாத்தியின் அகலம் 1 முதல் 1.2 மீட்டருக்கு மேல் போக வேண்டாம். இரண்டு பக்கமும் நின்று நடுவரை கை எட்ட வேண்டும் என்பதுதான் கணக்கு. பாத்திக்குள் கால் வைத்தால் வாரிய மண் இறுகிவிடும். இரண்டு பாத்திகளுக்கு நடுவே 40 செ.மீ. நடைபாதை விடுங்கள்.

புரட்டாசி முடிவிலும் ஐப்பசியிலும் விதைப்பவர்கள், வடகிழக்குப் பருவமழையை எண்ணி, பாத்தியை நடைபாதையைவிட 10 முதல் 15 செ.மீ. உயர்த்திக் கட்ட வேண்டும். தைப் பட்டத்திலும் சித்திரைப் பட்டத்திலும் மழையை நம்ப முடியாது. அப்போது சுற்றிலும் சிறு வரப்பு எடுத்து, உள்ளே தண்ணீர் நிற்கும்படி தாழ்வான பாத்தி கட்டுவதே சிக்கனம். மேட்டுப் பாத்தியில் விளிம்பு சரியாமல் இருப்பதில் கவனம் வேண்டும். தாழ்ந்த பாத்தியில் தரை மட்டம் சரியாக இருப்பதில் கவனம் வேண்டும்.

வாருதல்: மூன்று சுற்று

மாதிரிக்கு 1.2 மீட்டர் அகலமும் 3 மீட்டர் நீளமும் உள்ள ஒரு பாத்தியை எடுத்துக்கொள்வோம். ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்தி, பெரிய கட்டிகளை மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டி உடைத்தாகிவிட்டது. ஏக்கருக்கு 10 டன் தொழுவுரம் என்ற கணக்கில் சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ வரும். இந்தப் பாத்திக்கு 9 கிலோ நன்கு மக்கிய எருவைப் பரவலாகக் கொட்டியிருக்கிறோம்.

*முதல் சுற்று: கலைத்தல்.* பற்கள் கீழ்நோக்கி இருக்கட்டும். ஒரு கை காம்பின் மேல்முனையில், மறு கை அதற்குக் கீழே. முழங்காலை லேசாகத் தளர்த்தி, முதுகை நிமிர்த்தி நில்லுங்கள். ரேக்கைத் தூக்கிப் போடாமல் முன்னே தள்ளுங்கள், பிறகு உங்கள் பக்கம் இழுங்கள். தள்ளும்போது கட்டிகள் உடையும், இழுக்கும்போது வேர், கல், உடையாத கட்டி எல்லாம் பல்லில் சிக்கி வரும். இழுப்பு ஒவ்வொன்றும் ஒன்றரை முழத்துக்குமேல் வேண்டாம். நீளமாக இழுத்தால் மண்ணெல்லாம் உங்கள் காலடியில் குவிந்து, நடுவில் பள்ளம் விழும். ஒரு பக்கம் முடித்ததும் கையை மாற்றிப் பிடித்து எதிர்ப்பக்கத்திலிருந்து வாருங்கள்.

வாரி வந்ததை அப்படியே நடைபாதையில் தள்ளிவிடாதீர்கள். கோரைக் கிழங்கும் அருகம்புல் தண்டும் அதில் இருக்கும். பொறுக்கி எடுத்து, தோட்டத்துக்கு வெளியே சிமென்ட் தரையில் காயவைத்து அப்புறப்படுத்துங்கள். எருக்குழியில் போட்டால் மறு வருடம் எருவோடு திரும்பி வரும்.

*இரண்டாம் சுற்று: சமன் செய்தல்.* இப்போது ரேக்கைப் புரட்டி முதுகுப்பக்கத்தால் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு மண்ணைத் தள்ளுங்கள். காம்பை எவ்வளவு தாழ்த்திப் பிடிக்கிறீர்களோ அவ்வளவு மெல்லிய அடுக்காக மண் நகரும். பாத்தியின் ஒரு கோடியில் குந்தி உட்கார்ந்து கண்ணைத் தரைமட்டத்துக்கு இறக்கிப் பார்த்தால், நின்று பார்க்கும்போது தெரியாத மேடுகள் தெரியும். காலை, மாலைச் சாய்வெயிலில் நிழல் விழுவதால் இன்னும் தெளிவாகத் தெரியும். கண்ணை நம்பாதவர்கள் நேரான ஒரு பலகையைப் பாத்தியின் மேல் குறுக்கே வைத்து, எங்கே இடைவெளி விழுகிறது என்று பார்க்கலாம்.

சமன் சரியா என்று கடைசியாகச் சொல்வது தண்ணீர்தான். பூவாளியால் பாத்தி முழுக்க ஒரே சீராகத் தெளித்துப் பாருங்கள். எங்கே முதலில் தேங்குகிறதோ அங்கே பள்ளம். இதை விதைப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டால் விதை ஒரு மூலைக்கு அடித்துப்போகாது.

*மூன்றாம் சுற்று: மேல்மண் பொடித்தல்.* தண்ணீர் இழுத்து மண் மறுபடி பதத்துக்கு வந்ததும், மறுநாளோ அதற்கடுத்த நாளோ, பற்களை இரண்டு செ.மீ. ஆழம் மட்டும் படவிட்டு வாருங்கள். ரேக்கின் எடையே போதும், அழுத்தக் கூடாது. பாத்தியின் நீளவாக்கில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை. ஒரு பிடி மண்ணை அள்ளி விரலிடுக்கில் உதிர்த்துப் பாருங்கள். கீரை, கேரட் போன்ற பொடி விதைக்குப் பெரிய கட்டி துவரம்பருப்பு அளவுக்கு மேல் இருக்கக் கூடாது. வெண்டை, கொத்தவரைக்கு நிலக்கடலைப் பருப்பு அளவுவரை இருக்கலாம். அந்த அளவு வந்ததும் ரேக்கை நிறுத்திவிடுங்கள்.

இதற்கு மேல் வாரினால் என்ன ஆகும்? பருப்பு அளவுள்ள துகள்களுக்கு நடுவே காற்றும் தண்ணீரும் போக வழி இருக்கும். அவையும் உடைந்து மாவானால், மேலே விழும் தண்ணீர் அந்த மாவைக் கரைத்துத் துளைகளையெல்லாம் அடைத்துவிடும். காய்ந்ததும் அது பொருக்காகிறது. முளை கீழே வளைந்து வளைந்து தேடிவிட்டு மடிந்துபோகும். வண்டல் மண்ணில் இந்தத் தொல்லை அதிகம். எருச் சேர்த்த மண்ணில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதால் குறைவு.

களையை முதலில் முளைக்க விடுங்கள்

அவசரம் இல்லாதவர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு. இரண்டாம் சுற்று முடிந்ததும் பாத்தியை நனைத்துவிட்டு ஏழு முதல் பத்து நாள் சும்மா விடுங்கள். மேல்மண்ணில் உறங்கிக் கிடந்த களை விதைகள் முளைத்துப் பச்சை படரும். அவை இரண்டு இலை விட்ட நிலையில், நல்ல வெயில் நாளில், காலை பத்து மணிக்கு மேல் ரேக்கால் மேலோட்டமாக வாரிவிடுங்கள். வேர் மேலே வந்ததும் மாலைக்குள் சுருண்டுவிடும். அதற்குப் பிறகு விதைத்தால் முதல் களையெடுப்பே மிச்சமாகும்.

இங்கே ஆழமாக வாரினால் பயன் கெடும். கீழே இருக்கும் அடுத்த தொகுதிக் களை விதைகளை மேலே கொண்டுவந்து முளைக்க வைத்துவிடுவோம். கோரைக்கும் அருகம்புல்லுக்கும் இந்த வழி எடுபடாது. அவற்றைக் கிழங்கோடும் தண்டோடும் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

வரிசை போடுதல்

பாத்தியின் இரண்டு பக்கமும் முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டுங்கள். கயிறு தொய்வில்லாமல், மண்ணுக்கு ஒரு விரல் உயரத்தில் இருக்கட்டும். இனி விதையின் அளவைப் பொறுத்து மூன்று வழிகள்.

*காம்பால் அழுத்துதல்.* ரேக்கின் காம்பைக் கயிற்றை ஒட்டி மண்ணின் மேல் படுக்கவைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். அரை முதல் ஒரு செ.மீ. ஆழத்தில் வழவழப்பான கோடு விழும். கேரட், கீரை, கொத்தமல்லிக்கு இது போதும். கோட்டின் அடிமண் இலேசாக இறுகியிருப்பதால் கீழிருந்து ஈரம் ஏறி விதையைத் தொடும்.

*மூலையால் கீறுதல்.* ரேக்கைச் சாய்த்து, தலையின் ஒரு மூலைப் பல்லை மட்டும் மண்ணில் படவிட்டுக் கயிற்றோரமாக இழுத்தால் இரண்டு மூன்று செ.மீ. ஆழத்துக்குச் சால் விழும். வெண்டை, கொத்தவரை, பீட்ரூட்டுக்கு இது. பின்னோக்கி நடந்து ஒரே இழுப்பாக இழுத்தால் ஆழம் சீராக வரும். நிறுத்தி நிறுத்தி இழுத்தால் அலை அலையாகும், விதையும் ஒரே நாளில் முளைக்காது.

*பல்லில் குழாய் மாட்டுதல்.* ஒரே இடைவெளியில் பல வரிசை வேண்டுமானால் இது நேரத்தை மிச்சப்படுத்தும். சொட்டுநீர்க் குழாயில் வீணான துண்டுகளை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, வேண்டிய பற்களில் இறுக்கமாகச் சொருகுங்கள். தளர்ந்திருந்தால் பல்லைச் சுற்றிக் கந்தல் துணி சுற்றிக்கொள்ளலாம். பற்களுக்கு நடுவே இரண்டரை செ.மீ. இருந்தால், முதல் பல், ஏழாவது பல், பதின்மூன்றாவது பல் ஆகியவற்றில் மாட்டினால் 15 செ.மீ. இடைவெளியில் மூன்று கோடுகள் ஒரே இழுப்பில் விழும். அடுத்த இழுப்பில் முதல் குழாயைக் கடைசிக் கோட்டின் மேலேயே ஓடவிட்டால் இடைவெளி பிசகாது. மேலைநாடுகளில் சிறு காய்கறிப் பண்ணைகளுக்காக இந்த வேலைக்கென்றே முக்கால் மீட்டர் அகல ரேக்கைக் குழாய்த் துண்டுகளோடு விற்கிறார்கள். நமக்குக் கையில் இருப்பதே போதும்.

எந்தப் பயிருக்கு எவ்வளவு என்பதற்கு இந்தப் பட்டியலைப் பின்பற்றலாம்.

- முளைக்கீரை: தூவுவது வழக்கம், வரிசையானால் 15 செ.மீ. இடைவெளி, ஆழம் அரை செ.மீ.
- கேரட்: வரிசைக்கு 25 முதல் 30 செ.மீ., ஆழம் அரை முதல் 1 செ.மீ.
- கொத்தமல்லி: 20 செ.மீ., ஆழம் 1 செ.மீ.
- முள்ளங்கி: 25 முதல் 30 செ.மீ., ஆழம் 1 முதல் ஒன்றரை செ.மீ.
- பீட்ரூட்: 30 செ.மீ., ஆழம் 2 செ.மீ.
- வெண்டை: 45 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ., ஆழம் 2 செ.மீ.
- கொத்தவரை: 45 செ.மீ., செடிக்குச் செடி 15 செ.மீ., ஆழம் 2 முதல் 3 செ.மீ.

பட்டியலில் இல்லாத விதை கைக்கு வந்தால், விதையின் தடிமனைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விதைத்து மூடுதல்

நம் மாதிரிப் பாத்தியை மூன்றாகப் பிரிப்போம். முதல் ஒரு மீட்டரில் முளைக்கீரை, அடுத்த ஒரு மீட்டரில் குறுக்கே நான்கு வரிசை முள்ளங்கி, கடைசியில் ஐந்து வரிசை கொத்தமல்லி.

கீரைக்குக் கால் டீஸ்பூன் விதை போதும். இரண்டு பிடி காய்ந்த மணலில் கலந்துகொண்டு, பாதியை நீளவாக்கிலும் பாதியைக் குறுக்காகவும் தூவுங்கள். மணல் விழுந்த இடம் வெளுப்பாகத் தெரிவதால் விட்டுப்போன இடம் கண்ணில் படும். பிறகு ரேக்கின் பல் நுனி மட்டும் மண்ணைத் தொடும்படி காம்பை உயர்த்திப் பிடித்து, ஒரே திசையில் ஒரு முறை இழுங்கள். முன்னும் பின்னுமாக இழுத்தால் விதை ஓரத்தில் குவியும். ரேக் பழகாதவர்கள் இலையுள்ள வேப்பங்கொப்பை இழுத்தே மூடிவிடலாம். எறும்பு அதிகமுள்ள தோட்டமானால் பாத்தியைச் சுற்றி ஒரு கோடு அரிசி நொய் போட்டுவையுங்கள். எறும்பு அதை இழுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கீரை முளைத்துவிடும்.

முள்ளங்கியை வரிசையில் மூன்று நான்கு செ.மீ.க்கு ஒன்றாகப் போட்டு, முளைத்த பத்து நாளில் செடிக்குச் செடி 10 செ.மீ. விட்டு மற்றதைப் பிடுங்கிவிடுங்கள். கொத்தமல்லியை முதலில் தரையில் போட்டுச் செருப்படியால் லேசாக உருட்டி இரண்டாகப் பிளந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு பாதியிலும் ஒரு விதை இருக்கிறது. இரண்டு பயிருக்கும், கோட்டின் இருபுறமும் உள்ள மண்ணை ரேக்கின் முதுகால் மெதுவாகத் தள்ளி மூடுங்கள்.

மூடியதும் அமுக்க வேண்டும். ரேக்கை நேராக நிறுத்தி, காம்பு மேல்நோக்கி இருக்க, தலை தட்டையாக வரிசையின் மேல் படும்படி தட்டிக்கொண்டே போங்கள். விதையைச் சுற்றி மண் ஒட்டியிருந்தால்தான் அது ஈரத்தை உறிஞ்சும். களிமண் ஈரமாக இருந்தால் மட்டும் இந்தத் தட்டலை விட்டுவிடுங்கள்.

தண்ணீரைப் பொடித்துளைப் பூவாளியால் மட்டுமே தெளிக்க வேண்டும். ஹோஸ் குழாயின் வாயை விரலால் அடைத்துப் பீய்ச்சினால் இவ்வளவு நேரம் செய்த வேலை ஒரு நிமிடத்தில் கலையும். மேலே வைக்கோலோ காய்ந்த தென்னங்கீற்றோ மெல்லிதாகப் பரப்பி, முதல் முளை தெரிந்த அன்று மாலை எடுத்துவிடுங்கள்.

முளைப்பைப் பார்த்து வாரலை எடைபோடுதல்

கீரையும் முள்ளங்கியும் மூன்றிலிருந்து ஆறு நாளில் தலைகாட்டும். கொத்தமல்லி ஒன்றிலிருந்து இரண்டு வாரம் எடுக்கும். கேரட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். முளைத்த விதத்திலேயே எங்கே பிசகினோம் என்பது தெரிந்துவிடும்.

- ஒரு மூலையில் மட்டும் கூட்டமாக முளைத்திருந்தால் சமன் சரியில்லை. அடுத்த முறை இரண்டாம் சுற்றில் கூடுதல் நேரம் செலவிடுங்கள்.
- மண் தகடாக வெடித்து, அதன் அடியில் வெளிறிய முளை வளைந்து கிடந்தால் மிகையாக வாரியிருக்கிறீர்கள். இப்போதைக்குக் காலையும் மாலையும் லேசாகத் தெளித்துப் பொருக்கை இளகவையுங்கள். ரேக்கால் கிளறினால் முளை ஒடியும்.
- திட்டுத் திட்டாக விட்டுப்போயிருந்தால் கட்டி உடையவில்லை, அல்லது அமுக்காமல் விட்டிருக்கிறீர்கள். அந்த இடங்களில் மட்டும் விரலால் கீறி மறுவிதை போடலாம்.
- பயிருக்கு முன்னால் களை முளைத்தால் ஒரு வாரம் காத்திருக்காமல் விதைத்ததன் பலன். வரிசையாக விதைத்திருந்தால் வரிசைக்கு நடுவே முளைத்ததெல்லாம் களை என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

ரேக்கைக் காப்பாற்றுதல்

வேலைக்கு நடுவே ரேக்கை வைக்கும்போது பற்கள் தரையைப் பார்க்க வேண்டும். மேல்நோக்கி வைத்த ரேக்கின் பல்லை மிதித்தால் காலில் குத்துவதோடு காம்பு எழும்பி முகத்தில் அடிக்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் சுவரில் இரண்டு ஆணி அடித்துத் தலை மேலே வரும்படி, பற்கள் சுவர்ப்பக்கம் பார்க்கத் தொங்கவிடுங்கள்.

வேலை முடிந்ததும் பல்லிடுக்கு மண்ணைக் குச்சியால் தட்டி எடுத்து, துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒருமுறை தேய்த்துவையுங்கள். காம்பு ஆடினால் தண்ணீரில் ஊறவைப்பது ஒரு நாள் வைத்தியம்தான், மரம் காய்ந்ததும் மறுபடி ஆடும். காம்பின் நுனியில் சிறு கீறல் போட்டு மர ஆப்பு அடித்து, குழலின் துளை வழியே ஒரு திருகாணி முடுக்கிவிட்டால் பல வருடம் நிற்கும். ஏதாவது ஒரு பல் வளைந்தால் உடனே நிமிர்த்துங்கள். வளைந்த பல்லோடு போட்ட வரிசை அறுவடைவரை கோணலாகவே இருக்கும்.